மாங்காய்க்கும் காம்பு, மண்வெட்டிக்கும் காம்பு

ஸ்பானிய மொழியில் 'மாங்கோ' என்று ஒரு பெயர்ச்சொல் உண்டு. அதற்கு மாம்பழம் என்று பொருள். கைப்பிடி என்றும் பொருள். கத்தியின் பிடி, சுத்தியலின் பிடி, வாணலியின் பிடி எல்லாமே மாங்கோதான். எழுத்திலும் வேறுபாடு இல்லை, ஒலிப்பிலும் வேறுபாடு இல்லை. ஸ்பானியப் பெயர்ச்சொற்கள் எல்லாவற்றுக்கும் ஆண்பால், பெண்பால் உண்டே, அதிலாவது பிரியுமா என்று பார்த்தால் இரண்டுமே ஆண்பால்.

இந்த இரண்டு மாங்கோக்களும் அக்கம்பக்கமாகப் புழங்கும் ஊர்களைத் தேடினால் கிருஷ்ணகிரி மாவட்டம் முன்வரிசையில் வந்து நிற்கும். காவேரிப்பட்டணம், பர்கூர், போச்சம்பள்ளி என்று கிருஷ்ணகிரியைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் மாந்தோப்பு. நடுநடுவே மாம்பழக் கூழ் ஆலைகள். அங்கிருந்து தேசிய நெடுஞ்சாலை 44-ல் வடமேற்கே ஒரு மணி நேரம் ஓட்டினால் சூளகிரி தாண்டி ஓசூர். 1970-களில் சிப்காட் வந்ததிலிருந்து அது இயந்திரங்களின் ஊர். அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று பெரிய பெயர்கள் ஒரு பக்கம். அவற்றுக்கு உதிரிபாகம் கடைந்து கொடுக்கும் லேத் பட்டறைகள் தெருவுக்குத் தெரு. பழ மாங்கோ தோப்பில் என்றால் பிடி மாங்கோ பட்டறையில். ஸ்பானியக்காரர் ஒருவர் இந்தச் சாலையில் வந்தால், போகும் வழியெல்லாம் ஒரே சொல்லை வைத்தே ஒப்பேற்றிவிடலாம்.

ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் என்றால் அதைக் கேட்கிற மூளை என்ன செய்கிறது? இது மொழியியலும் உளவியலும் சேர்ந்து அரை நூற்றாண்டாகக் குடைந்துகொண்டிருக்கும் கேள்வி. அதற்குள் போகுமுன் இந்த இரு மாங்கோக்களின் பூர்வீகத்தைப் பார்த்துவிடலாம்.

லத்தீனில் கைக்கு 'மானுஸ்' என்று பெயர். அதன் வழிவந்த பேச்சுவழக்குச் சொல் 'மானிகுஸ்'. அதுதான் தேய்ந்து ஸ்பானியத்தில் கைப்பிடி மாங்கோ ஆனது. ஸ்பானியத்தில் கை 'மானோ', சட்டைக் கை 'மாங்கா'. எல்லாம் ஒரே குடும்பம். பழத்தின் கதை வேறு. 1498-ல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுப் பக்கம் வந்து இறங்கிய பிறகு, போர்த்துக்கீசியர் மலபார்க் கரையில் கேட்ட 'மாங்ஙா', அதாவது நம்முடைய மாங்காய், அவர்கள் வாயில் 'மங்கா' ஆயிற்று. அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போய் 'மேங்கோ' ஆகி, ஸ்பானியத்துக்குள் 'மாங்கோ' என்று நுழைந்தது. ரோமாபுரிக் கையும் நம்மூர்க் காயும் ஒரே உச்சரிப்பில் வந்து மோதிக்கொண்டது முழுக்கத் தற்செயல். போர்த்துக்கீசிய மொழியிலும் இதே மாதிரி ஒரு மோதல் நடந்திருக்கிறது. அங்கே 'மங்கா' என்றால் மாம்பழம், சட்டைக் கை இரண்டும்.

பொருள் ஒன்றோடு எந்தச் சொல்தான் நிற்கிறது? ஸ்பானியத்தில் 'வாணலியை மாங்கோவால் பிடித்திருக்கிறான்' என்றால் அதிகாரம் அவன் கையில் என்று அர்த்தம். நாம் 'அவன் குடுமி என் கையில்' என்போமே, அதற்குப் பக்கத்தில் வருகிற தொடர். அர்ஜென்டினாவின் பேச்சுவழக்கில் மாங்கோ என்றால் காசு. 'ஒரு மாங்கோகூட இல்லை' என்றால் கையில் சல்லிக்காசு இல்லை. லத்தீன் அமெரிக்காவின் பல நாடுகளில் ஓர் ஆளைப் பார்த்து 'மாங்கோ' என்றால் பார்க்க லட்சணமான ஆள் என்று புகழ்கிறார்கள். நம்மூரில் ஒருவனை 'மாங்கா மடையன்' என்றால் விளைவு வேறு மாதிரி இருக்கும். ஒரே கல்லில் இரண்டு அடிப்பதற்கு நாம் வைத்திருப்பதும் இதே காயைத்தான்.

இனி நம் சொல்லுக்கு வருவோம். பழத்துக்கும் கைப்பிடிக்கும் தமிழில் ஒரே சொல் கிடையாது. ஆனால் இரண்டும் ஒரு சொல்லில் வந்து ஒட்டிக்கொள்கின்றன: காம்பு.

கிருஷ்ணகிரித் தோப்பில் காய் பறிக்கும்போது பார்த்தால் இந்தச் சொல்லின் எடை தெரியும். நீளக் கம்பின் நுனியில் வளையமும் வலைப்பையும் கட்டிய தொரட்டியை மேலே நீட்டி, காயை வலைக்குள் விட்டு, காம்பைக் கத்தியில் கொடுத்து இழுக்க வேண்டும். விரல் நீளத்துக்குக் காம்பு காயோடு வர வேண்டும். அவசரப்பட்டு வெடுக்கென்று பிய்த்தால் காம்படியிலிருந்து பால் பீய்ச்சி அடிக்கும். அந்தப் பாலில் டெர்பினோலீன் போன்ற எண்ணெய்ப் பொருள்களும் ரெசார்சினால் வகைச் சேர்மங்களும் இருக்கின்றன. தோலில் வழிந்த இடமெல்லாம் கோடு கோடாகக் கறுத்துவிடும். மா, முந்திரிக் குடும்பத்தைச் சேர்ந்த மரம். முந்திரிக்கொட்டை எண்ணெய் பட்டால் கை வெந்துபோவது போலத்தான் இதுவும். கூழுக்குப் போகிற காய் என்றால் தோல் கறுத்தால் பெரிய நஷ்டமில்லை. சந்தைக்குப் போகிற பழத்துக்கு அது விலையையே இறக்கிவிடும். அதனால்தான் நீளமாக விட்ட காம்பைப் பிறகு நிதானமாக வெட்டி, காயைக் கவிழ்த்து வைத்துப் பாலை வடியவிடுகிறார்கள்.

அதே தோப்பில் வாய்க்கால் ஒதுக்க வைத்திருக்கும் மண்வெட்டிக்கும் காம்பு இருக்கிறது. கோடாலிக்குக் காம்பு, கரண்டிக்குக் காம்பு. அரிவாளுக்கும் கத்திக்கும் மட்டும் பிடி என்கிறோம். உருண்டு நீண்டு, நுனியில் ஒன்றைத் தாங்கி நின்றால் காம்பு. உள்ளங்கைக்குள் அடங்கினால் பிடி. இந்த விதியை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை, ஆனாலும் தவறுவதில்லை. பட்டறைக்குள் போய்விட்டால் இரண்டுமே 'ஹேண்டில்' ஆகிவிடுகிறது என்பது வேறு விஷயம்.

மாங்காய்க் காம்பும் மண்வெட்டிக் காம்பும் உருவ ஒற்றுமையால் உறவான பொருள்கள். அங்கிருந்து இன்னொரு எட்டு எடுத்துவைத்தால் கோடாலிக் காம்பு. மரத்தை வெட்டும் இரும்புக்கு மரமே பிடியாகிறது. ஆகவே தன் இனத்தைத் தானே காட்டிக்கொடுப்பவன் கோடாலிக் காம்பு. தேர்தல் காலங்களில் எல்லாக் கட்சிக்காரர்களும் எதிரணிக்குப் போன பழைய நண்பரை இப்படித்தான் அழைக்கிறார்கள். அப்போது யாருக்கும் மாங்காய் நினைவு வராது. ஆனாலும் செடியின் தண்டு, கருவியின் தண்டு, இனத்துரோகி என்று ஒன்றிலிருந்து ஒன்றாகப் போன வழி, தேடினால் தெரிகிறது. ஸ்பானிய மாங்கோவில் அப்படி ஒரு வழி கிடையாது. பழத்திலிருந்து பிடிக்கு எந்த ஒற்றுமையும் அழைத்துப் போகவில்லை.

ஒரே கதவு எண்ணில் குடியிருக்கும் இரண்டு வீட்டுக்காரர்கள் அண்ணன் தம்பிகளாக இருக்கலாம், ஒருவரையொருவர் தெரியாத வாடகைதாரர்களாகவும் இருக்கலாம். தபால்காரருக்கு இரண்டும் ஒன்றுதான். மூளைக்கு ஒன்றில்லை என்பதுதான் இங்கே சுவாரசியம்.

இதைக் காட்டிய ஆய்வுகளில் முக்கியமானது ஜெனிஃபர் ராட், காரெத் காஸ்கெல், வில்லியம் மார்ஸ்லன்-வில்சன் மூவரும் 2002-ல் வெளியிட்டது. சோதனை எளிமையானது. திரையில் எழுத்துக் கோவை ஒன்று வரும். அது உண்மையான ஆங்கிலச் சொல்லா, வெறும் எழுத்துக் குவியலா என்று பொத்தானை அழுத்திச் சொல்ல வேண்டும். எவ்வளவு சீக்கிரம் அழுத்துகிறார்கள் என்று மில்லி விநாடிக் கணக்கில் அளந்தார்கள். சில சொற்கள் 'பார்க்' போன்றவை. நாய் குரைப்பதற்கும் மரப்பட்டைக்கும் அதுவே பெயர், இரண்டுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. வேறு சில சொற்கள் 'ட்விஸ்ட்' போன்றவை. முறுக்குவது, கதையில் திருப்பம், கணுக்கால் பிசகுவது என்று உறவான பல பொருள்கள். முடிவு என்ன தெரியுமா? ஒட்டாத பொருள்களைச் சுமக்கும் சொற்களை அடையாளம் காணத் தாமதமாகிறது. உறவான பொருள்களைச் சுமக்கும் சொற்களோ, அவ்வளவு பொருள் இல்லாத சாதாரணச் சொற்களைவிடவும் வேகமாக அடையாளம் காணப்படுகின்றன. அதற்கு முன்புவரை 'பல பொருள் இருந்தால் சொல்லைச் சீக்கிரம் கண்டுபிடிக்கலாம்' என்று மொத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மூவரும் அதை இரண்டாகப் பிரித்துக் காட்டினார்கள். அந்நியர்கள் மனத்துக்குள் போட்டி போடுகிறார்கள். உறவுக்காரர்கள் ஒருவருக்கொருவர் கைகொடுக்கிறார்கள்.

இந்தச் சோதனையைத் தமிழில் செய்தால் 'காம்பு' வேகமாக வரும் என்றே நினைக்கிறேன். 'மா' திணறும்.

'மா' திணறும் என்பதற்குக் காரணம் அந்தச் சொல்லுக்குள் இருக்கும் கூட்டம். மாமரம், குதிரை யானை போன்ற விலங்கு, திருமகள், பெரிய என்ற அடைமொழி, இருபதில் ஒரு பங்கு என்ற பின்னம். தஞ்சைப் பக்கம் நிலத்தை இன்னும் மாக்கணக்கில் சொல்கிறார்கள்; இருபது மா ஒரு வேலி. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் இந்த மாக்களைத் தனித்தனித் தலைச்சொற்களாக்கி, தலையில் எண் போட்டுத்தான் பிரித்து வைத்திருக்கிறது.

சுவையான விஷயம், இந்தச் சிக்கல் தொல்காப்பியருக்கே தெரிந்திருந்தது. சொல்லதிகாரத்தின் முதல் இயலான கிளவியாக்கத்தில் பல பொருள் ஒரு சொல்லைப் பற்றிப் பேசும்போது, பொருளைத் தெளிய மூன்று தடயங்கள் தருகிறார்: உடன் வரும் வினை, உடன் வரும் இனம், பேச்சின் சார்பு. உரையாசிரியர்கள் அதற்கு எடுத்துக்கொண்ட உதாரணமே 'மா'தான். மா பூத்தால் அது மரம். இன்னொரு மரத்தோடு சேர்த்துச் சொன்னாலும் மரம். கவசம் அணிந்தவன் மா கொண்டுவா என்றால் குதிரை. சரி, மா விழுந்தது என்றால்? மரமும் விழும், குதிரையும் விழும். வினை துப்புக் கொடுக்காத அந்த இடத்தில் சொல்பவனே விளங்கச் சொல்லிவிட வேண்டும் என்பது இலக்கணத்தின் தீர்ப்பு. கேட்பவன் மேல் பழி போடாத நல்ல இலக்கணம்.

கேட்பவன் அந்தத் தடயங்களை எப்போது பயன்படுத்துகிறான்? இங்கேதான் டேவிட் ஸ்வின்னி 1979-ல் செய்த பரிசோதனை பலரைத் திகைக்க வைத்தது. ஆங்கிலத்தில் 'பக்' என்றால் பூச்சி. ஒட்டுக் கேட்க ஒளித்துவைக்கும் கருவியும் அதுவே. சிலந்தி, கரப்பான் எல்லாம் வரிசையாகச் சொல்லிவிட்டு, அறை மூலையில் இதர 'பக்'குகளும் இருந்தன என்ற வாக்கியத்தைக் காதில் ஒலிக்கவிட்டார். அந்தச் சொல் காதில் விழுந்த உடனேயே திரையில் ஒரு சொல் தோன்றும். எறும்பு என்று தோன்றினால் வேகமாக அடையாளம் கண்டார்கள், அது எதிர்பார்த்ததுதான். ஒற்றன் என்று தோன்றினாலும் வேகமாகவே கண்டார்கள்! வாக்கியம் முழுக்கக் கரப்பான் ஊர்ந்தும், ஒற்றன் மனத்தில் விழித்திருந்தான். மூன்று அசை தள்ளிச் சோதித்தபோது ஒற்றன் போய்விட்டான், எறும்பு மட்டும் இருந்தது. அதாவது மூளை முதலில் எல்லாப் பொருளையும் தட்டி எழுப்புகிறது. பிறகு, நாம் உணர்வதற்குள், வேண்டாததை அணைத்துவிடுகிறது.

அப்படியானால் கிருஷ்ணகிரியிலிருந்து போகும் கூழ்ப் பீப்பாயின் மேல் 'பூல்பா தே மாங்கோ' என்று ஸ்பானியத்தில் எழுதியிருப்பதை மாட்ரிட்டில் ஒருவர் படித்தால், ஒரு கணத்தில் சிறு பங்கு நேரம் அவர் மூளையில் யாரோ கைப்பிடிகளை அரைத்துக் கூழாக்கியிருக்க வேண்டும். அவருக்கு அது தெரியப்போவதில்லை.

பொருள் வாக்கியத்தோடு ஒட்டவில்லை என்றால் மூளை அதைக் காட்டிக்கொடுப்பதும் உண்டு. மார்த்தா குட்டாஸ், ஸ்டீவன் ஹில்யார்டு இருவரும் 1980-ல் 'சூடான ரொட்டியில் காலுறையைத் தடவினான்' என்கிற ரீதியில் முடியும் வாக்கியங்களைப் படிக்கக் கொடுத்து மண்டையோட்டின் மேல் மின்னழுத்தத்தை அளந்தார்கள். அந்தக் கடைசிச் சொல் கண்ணில் பட்டுச் சுமார் 400 மில்லி விநாடியில் ஓர் எதிர்மறை அலை எழுந்தது. என்400 என்று அதற்குப் பெயர்.

ஓசூரில் இந்த விளையாட்டு இன்னொரு படி சிக்கலாகிறது. பெங்களூர் சுமார் 40 கிலோமீட்டர் தூரம்தான். தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் நடக்கும், உருதுவும் உண்டு. ஒரே ஆள் மேஸ்திரியிடம் தெலுங்கிலும், கடைக்காரரிடம் கன்னடத்திலும், வீட்டில் தமிழிலும் பேசுவது அங்கே பெருமைக்குரிய திறமையாகக்கூட எண்ணப்படுவதில்லை. இப்போது, கன்னடத்தில் மாமரத்துக்கு 'மாவு' என்று பெயர். தமிழில் மாவு, தோசைக்கு அரைப்பது. கன்னடத்தில் அந்த மாவு 'ஹிட்டு'. இரு மொழியும் அறிந்தவருக்கு 'மாவு' என்ற ஒலி காதில் விழுந்தால், பேசுவது எந்த மொழி என்று தெரிந்த பிறகும் இரண்டு பொருளும் விழிக்குமா?

விழிக்கும் என்றே மைக்கேல் ஸ்பைவியும் வியோரிகா மரியானும் 1999-ல் காட்டிய முடிவு சொல்கிறது. ரஷ்ய மொழியும் ஆங்கிலமும் தெரிந்தவர்கள் முன் சில பொருள்களைப் பரப்பி, தபால்தலையை எடுத்து வையுங்கள் என்று ரஷ்ய மொழியில் சொன்னார்கள். ரஷ்யனில் தபால்தலை 'மார்க்கா'. பக்கத்தில் ஒரு மார்க்கர் பேனா கிடந்தது. கேட்டவர்களின் கண்கள், கை சரியான பொருளுக்குப் போவதற்கு முன், பேனாவின் பக்கம் ஒரு முறை தாவித் திரும்பின. ஆங்கிலம் பேச யாரும் அவர்களைக் கேட்கவில்லை. அது தானாகவே விழித்துக்கொண்டிருந்தது. ஓசூர்க் கிரைண்டர் கடையில் கண் அசைவை அளக்கும் கருவியை வைத்துப் பார்க்க யாராவது ஆய்வு மாணவர் முன்வர வேண்டும். பக்கத்தில் இரண்டு மாம்பழம் மட்டும் வைத்தால் போதும்.

மொழிகள் உறவென்றால் ஒலியும் உறவு. தமிழில் 'ப' என்று தொடங்கும் பல சொற்கள் கன்னடத்தில் 'ஹ' ஆகும். பால் 'ஹாலு', பல் 'ஹல்லு'. அப்படியே பிடி 'ஹிடி'. பட்டறையில் ஆளுக்கொரு மொழி பேசினாலும் 'பிடி', 'ஹிடி' என்றால் சுத்தியல் கைமாறிவிடும்.

இந்தப் 'பிடி'யைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். கையில் பற்றுவதுதான் அதன் முதல் பொருள். ஆனால் தொழிற்சாலைச் சம்பளச் சீட்டில் வருங்கால வைப்பு நிதிக்கும் காப்பீட்டுக்கும் போவது 'பிடித்தம்'. வேலை மனத்துக்கு ஒத்துப்போனால் அதுவும் 'பிடித்தம்'. ஷிப்டு முடிந்து பஸ் பிடிக்கிறோம், மழை பிடித்துக்கொள்கிறது, சளி பிடிக்கிறது, படம் பிடிக்கிறோம், படம் பிடித்திருக்கிறது. மேலாளர் பிடி கொடுக்காமல் பேசுகிறார், ஒருவன் பிடிவாதம் பிடிக்கிறான். தமிழில் விரும்புவதற்கு நாம் அன்றாடம் சொல்லும் வினையே பற்றுவதிலிருந்து வந்தது. பிடிக்கும் என்பது நாம் பொருளைப் பிடிப்பதா, பொருள் நம்மைப் பிடிப்பதா என்று இலக்கணத்தை வைத்து ஒரு மாலை முழுக்க வாதாடலாம்.

பொருள் விரியும் திசை பெரும்பாலும் இதுதான்: தொட்டு அறிவதிலிருந்து தொட முடியாததற்கு, உடம்பிலிருந்து மனத்துக்கு. யாங் ஷூ, பார்பரா மால்ட், மகேஷ் ஸ்ரீனிவாசன் மூவரும் ஆங்கிலச் சொற்களின் ஆயிரம் ஆண்டு வரலாற்றுப் பதிவுகளைக் கணினியில் அலசி 2017-ல் வெளியிட்ட ஆய்வு, உருவகமாகப் பொருள் தாவுவது கண்டபடி நடப்பதில்லை, ஒரு சில திசைகளில்தான் பெரிதும் நடக்கிறது என்றது. பருப்பொருளிலிருந்து நுண்பொருளுக்கு என்பது அவற்றில் வலுவான திசை. லத்தீன்காரர் கையிலிருந்து கைப்பிடி, அதிலிருந்து அதிகாரம் என்று போனதும் இந்த வழிதான்.

உருவகம் கேட்டவுடன் மூளை முதலில் நேர்ப்பொருளைப் பார்த்து, அது பொருந்தாததைக் கண்டு, பிறகு உருவகத்துக்குப் போகிறது என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். பிரின்ஸ்டனில் சாம் குளக்ஸ்பர்க்கும் உடன் ஆய்வாளர்களும் 1982-ல் அதைக் குலைத்தார்கள். 'சில வேலைகள் சிறைகள்' போன்ற வாக்கியங்களைக் கொடுத்து, சொல்லுக்குச் சொல் உண்மையா பொய்யா என்று மட்டும் பார்க்கச் சொன்னார்கள். விடை பொய்தான். ஆனால் சும்மா உளறலான வாக்கியங்களைப் பொய் என்று சொன்ன வேகத்தில் இதைச் சொல்ல முடியவில்லை. உருவகப் பொருள் அழைக்காமலே வந்து குறுக்கே நின்றது. இரவு ஷிப்டு பார்ப்பவர்களுக்கு இந்த வாக்கியத்தைக் கொடுத்தால் இன்னும் தாமதமாகியிருக்குமோ என்னவோ.

எமரி பல்கலைக்கழகத்தில் சைமன் லேசியும் கிருஷ் சத்யனும் 2012-ல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு அடி உள்ளே போனது. 'கரடுமுரடான நாள்' என்பது போன்ற தொட்டுணர்வு உருவகங்களைக் கேட்கும்போது, விரலால் சொரசொரப்பை உணரும்போது வேலை செய்கிற மூளைப் புறணிப் பகுதியும் கிளர்ந்தது. ரொம்பவும் பழகித் தேய்ந்த மரபுத்தொடர்களில் இப்படிப்பட்ட தடம் கிடைக்கவில்லை என்று காட்டிய ஆய்வுகளும் உண்டு. இரண்டும் முரண் என்று நான் எண்ணவில்லை. புதிய உருவகத்தை மனம் ஒப்பிட்டுப் பார்த்தே புரிந்துகொள்கிறது. பழகப் பழக ஒப்பிடும் வேலை குறைந்து, சொல்லுக்கு நேரடியாக இன்னொரு பொருளே கிடைத்துவிடுகிறது என்று பிரையன் பௌடலும் டெட்ரே ஜென்ட்னரும் 2005-ல் சொன்ன விளக்கம் இங்கே பொருந்துகிறது. கோடாலிக் காம்பு என்று முதலில் சொன்னவன் மரத்தைப் பார்த்திருப்பான். மேடையில் இன்று சொல்பவருக்கு மரம் வேண்டியதில்லை.

கிருஷ்ணகிரி மண்டியில் இந்த நிலைகள் எல்லாவற்றையும் கூடை கூடையாகப் பார்க்கலாம். நுனி வளைந்த காயைக் 'கிளிமூக்கு' என்கிறோம். வடக்கே அதற்கு 'தோத்தாபுரி'. 'தோத்தா' என்றால் கிளி. அதே காய் 'பெங்களூரா' என்றும் விற்கிறது. ஊர்ப்பெயர் பழத்துக்கு ஆகி வந்ததால் இடவாகுபெயர். ஆந்திர எல்லை தாண்டிச் சித்தூர்ப் பக்கம் போனால் அதற்கே 'கலெக்டர்' என்று பெயர். அல்போன்சாவின் பெயர் போர்த்துக்கீசியத் தளபதி அபோன்சோ டி அல்புகர்க்கி வழி வந்தது. 'கலெக்டர் என்ன விலை?' என்று கேட்பவர் மனத்தில் அதிகாரி எட்டிப் பார்ப்பதில்லை. ஸ்வின்னி சொன்னபடி கணத்தின் ஒரு துளி நேரம் எட்டிப் பார்த்தால்தான் உண்டு.

பட்டறைக்கு இந்த வரிசையில் தனி இடம் உண்டு. போல்ட்டின் புரியை மரை என்கிறோம். மரை தேய்ந்தால் நட்டு நிற்காது. புத்தி பேதலித்தவனை 'மரை கழண்ட கேஸ்' என்கிறோம். ஸ்பானியர்கள் அதே ஆளை 'ஒரு திருகாணி குறைகிறது' என்கிறார்கள். பேசிவைத்துக்கொண்டதல்ல. திருகாணி எல்லார் கைக்கும் வந்த உலகத்தில்தான் இந்த உருவகம் முளைக்க முடியும். லகான், அச்சாணி, மரை, பிரேக், டியூப்லைட் என்று நம் உருவகங்களை வரிசையாக வைத்தால் கருவிகளின் வரலாறு ஓரளவு கிடைத்துவிடும். ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போய் பேட்டரி வந்துகொண்டிருக்கும் இந்த மாவட்டத்தில் ஆள் களைத்துப் போனால் ஏற்கெனவே 'சார்ஜ் இறங்கிடுச்சு'.

ஒரு சொல்லுக்கு இத்தனை பொருள் குழப்பமல்லவா, ஆளுக்கொரு சொல் வைத்தால் என்ன என்று கேட்கலாம். அதிகம் புழங்கும் சொற்களுக்கே அதிகப் பொருள்கள் என்பதை ஜார்ஜ் ஜிஃப் 1945-லேயே கவனித்துவிட்டார். ஸ்டீவன் பியான்டடோசி, ஹாரி டிலி, எட்வர்டு கிப்சன் மூவரும் 2012-ல் அதற்குக் கணக்குப் போட்டுக் காரணம் சொன்னார்கள்: சூழல் எப்படியும் பாதிப் பொருளைச் சொல்லிவிடும்போது, அதையே சொல்லும் திரும்பச் சொன்னால் வீண். ஆகவே குட்டையான, வாய்க்குச் சுலபமான சொற்களையே மொழி திரும்பத் திரும்ப வேலைக்கு இழுக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் லேத் பக்கத்தில் 'பிடி' என்றால் போதும்.

மனிதருக்குச் சுலபமான இது இயந்திரத்துக்கு நெடுநாள் எட்டவில்லை. ஆங்கிலத்தில் 'பென்' என்றால் பேனா, பட்டி இரண்டும். 'பெட்டி பென்னுக்குள் இருக்கிறது' என்ற ஒரு வாக்கியத்தைக் காட்டி, பேனாவுக்குள் பெட்டி அடங்காது என்ற உலக அறிவு இல்லாமல் எந்த இயந்திரமும் இதை மொழிபெயர்க்க முடியாது என்று யெஹோஷுவா பார்-ஹிலல் 1960-ல் வாதிட்டார். இப்போதைய மொழிபெயர்ப்பு நிரல்கள் ஒவ்வொரு சொல்லையும் சுற்றியுள்ள சொற்களோடு சேர்த்தே எடைபோடுகின்றன. வினை, இனம், சார்பு என்ற மூன்றையும் புள்ளிவிவரமாக்கிக்கொண்டதுபோல இருக்கிறது, பார்த்தால்.

துறைமுகத்தில் மட்டும் இந்த வித்தை எதற்கும் இடமில்லை. உலக சுங்க அமைப்பின் ஒத்திசைவுப் பட்டியல் 1988-ல் நடைமுறைக்கு வந்தது. உலகில் கப்பலேறும் சரக்கு எல்லாவற்றுக்கும் அதில் எண் உண்டு. ஸ்பெயினுக்குப் போகும் பெட்டியின் சீட்டில் மாங்கோ என்று எழுதி, எண் 0804 என்று தொடங்கினால் உள்ளே பழம். 4417 என்று தொடங்கினால் மரக் கைப்பிடி.